காலணா வரியும் தரங்கம்பாடி ரயிலும்

எங்கள் பக்கத்தில் தரங்கம்பாடி ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு சூடு பிடிப்பதற்குள் யாராவது ஒருவர் அதை முடித்துவைத்துவிடுவார். “அது நஷ்டத்துல ஓடுச்சுப்பா, நிறுத்திட்டான்.” கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் விஷயம் தீர்ந்துவிடும். யார் நிறுத்தினார்கள், யாருக்கு நஷ்டம், எதை எதோடு கழித்துப் பார்த்து நஷ்டம் என்றார்கள் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. நானும் பல வருஷம் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு செரிக்காமலே கிடந்தது. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டருக்கு நிலம், மண் கரை, வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம், ஊருக்கு ஊர் ஸ்டேஷன் என்று ஒரு தலைமுறை போட்டுவைத்த சொத்து. அதை இவ்வளவு சுலபமாக எப்படிக் கணக்கு முடிக்க முடிகிறது?

மாயவரத்துக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாயவரம் என்று நாங்கள் சொல்லும் மயிலாடுதுறையில் புறப்பட்டு மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று போய் தரங்கம்பாடியில் கடலுக்குப் பக்கத்தில் முடிந்த மீட்டர் கேஜ் கிளைப்பாதை அது. 1926இல் ஓடத் தொடங்கியது, 1986இல் நின்றது. சரியாக அறுபது வருஷம். திருக்கடையூர் வழியாக ஓடிய ரயிலுக்கு அறுபதாம் கல்யாணம் நடத்த வேண்டிய வருஷத்தில் கருமாதி நடத்திவிட்டார்கள் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார், நாங்களும் சிரிப்போம்.

தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். இன்றைக்கு டேனிஷ் கோட்டையைப் பார்க்கக் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்த ஊரில் ரயில்வே ஸ்டேஷன் இருந்தது என்று சொன்னால், வழிகாட்டி அளக்கிறான் என்று நினைப்பார்கள். ஆனால் கொஞ்சம் கண்ணை வைத்துப் பார்த்தால் பாதை தெரியும். வயல் நடுவே காரணமில்லாமல் உயர்ந்து நேராகப் போகும் ஒரு மேடு, அதன்மேல் சீமைக்கருவை. ஆக்கூர் தாண்டி ஒரு வாய்க்காலில் இரண்டு கரையிலும் செங்கல் கட்டுமானம் எதிரெதிராக நிற்கிறது, நடுவில் இரும்பு இல்லை. பையன்கள் ஒரு பக்கக் கட்டையில் ஏறி தண்ணீரில் குதித்துவிட்டு மறுபக்கம் ஏறுகிறார்கள். அந்தச் செங்கலைக் கையால் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்திலும் விளிம்பு மழுங்கவில்லை. என் வீட்டுக் காம்பவுண்டு சுவர் கட்டிப் பத்து வருஷம் ஆகவில்லை, அதற்குள் பொரிந்துவிட்டது.

துறைமுகம் போன பிறகு

தரங்கம்பாடிக்கும் ரயிலுக்கும் இருந்த உறவே முதலிலிருந்து கோணல். 1620இல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது, சீகன்பால்க் வந்தது, அச்சுக்கூடம் வைத்தது எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் நடந்ததுதான் ரயிலுக்கு முக்கியம். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ஊர் மவுசோடுதான் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரே சில வருஷம் இங்கே உட்கார்ந்துதான் ஜில்லாவை ஆண்டார்.

ஊரைச் சாய்த்தது ரயில். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே தன் முதல் பாதையை நாகப்பட்டினத்திலிருந்து போட்டது. 1861இல் தஞ்சாவூர் வரைக்கும், அடுத்த வருஷம் திருச்சி வரைக்கும் வண்டி போனது. சரக்கு எங்கே ரயில் இருக்கிறதோ அங்கேதான் போகும். நாகப்பட்டினம் எழுந்தது, இங்கே கப்பல் நிற்பது குறைந்தது, வியாபாரி கிளம்பினான், அலுவலகமும் கிளம்பியது. தெற்கே காரைக்காலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பேரளத்திலிருந்து ஒரு பாதையை 1898இல் கொண்டுவந்துவிட்டார்கள். தெற்கே இருந்த இரண்டு துறைமுகத்துக்கும் ரயில் வந்தாயிற்று, அவற்றுக்கு வடக்கே இருந்த இந்த ஊருக்கு இல்லை. கடைசியில் 1926இல் இங்கேயும் ரயில் வந்தபோது ஏற்றுவதற்குத் துறைமுகச் சரக்கு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சம் இல்லை. இந்த வழியாக வந்தவர்களிலேயே பெரிய பிரயாணியான காந்திகூட 1915இலேயே தில்லையாடிக்கு வந்து வள்ளியம்மையின் ஊரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்போது ரயில் இல்லை.

அப்படியானால் இந்த ரயிலை யார், எதற்காகப் போட்டார்கள்? நான் விடாமல் தோண்டியது இந்த இடத்தில்தான். வெள்ளைக்காரன் போட்டான் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் பதில். பாதி சரி. ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. ஆனால் பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுடையது.

ரூபாய்க்குக் காலணா

ஜில்லா போர்டு என்றால் இன்றைய தலைமுறைக்கு ஒன்றும் புரியாது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்ட உள்ளாட்சி அமைப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தஞ்சாவூர் போர்டுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஜில்லாவில் ரயில் போடுவதற்கென்றே நிலத்தின் பேரில் தனியாக ஒரு வரி போட்டார்கள். ரூபாய்க்கு மூன்று தம்படி, அதாவது காலணா. நெல் விளைவித்தவன் கொடுத்த காசு. அந்தக் காசை வைத்துத்தான் 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு முதல் பாதை ஓடத் தொடங்கியது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று தன் சொந்தப் பணத்தில் ரயில் பாதை வைத்துக்கொண்டது இந்தியாவுக்கே அப்போது புதுசு. பாதை பட்டுக்கோட்டைக்கு நீண்டது, அங்கிருந்து அறந்தாங்கிக்கு நீண்டது. நீடாமங்கலம் - மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி - வேதாரண்யம் கிளைகள் வந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் மாயவரம் - தரங்கம்பாடி.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் கொள்ளுத்தாத்தா திருக்கடையூர் பக்கத்தில் நாலு மா நிலம் வைத்திருந்தவர். அவர் கட்டிய கிஸ்தியோடு அந்தக் காலணாவும் போயிருக்கும். லண்டனில் பங்குதாரர் வைத்திருந்த ரயில் இல்லை இது, எங்கள் ஆட்கள் போட்ட ரயில். போட்டவர்களின் பேரப்பிள்ளைகளே டீக்கடையில் நின்றுகொண்டு ‘நஷ்டத்துல ஓடுச்சு’ என்று ரயில்வேக்காரர்போலப் பேசுகிறோமே என்று தோன்றியது. சவுத் இந்தியன் ரயில்வே 1951இல் தென்னக ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது. 1958ஆம் வருஷத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளும் மறைந்து பஞ்சாயத்து யூனியன்கள் வந்துவிட்டன. போட்டவர்களும் இல்லை, ஓட்டியவர்களும் இல்லை. ரயில் மட்டும் தில்லிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக ஓடிக்கொண்டிருந்தது. 1969இல் வருமானம் தராத கிளைப்பாதைகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழுவைப் போட்டார்கள். 1976இல் மன்னார்குடி கிளை மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து எங்கள் முறை.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, ஒரு பொங்கல் லீவில், பெரியப்பாவிடம் போனேன். அவர் அறுபதுகளில் திருக்கடையூரிலிருந்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரிக்குத் தினமும் ரயிலில் போய்ப் படித்தவர். அப்புறம் மாயவரத்தில் வேலை. என் கோபத்துக்கு அவர் சாட்சி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

பெரியப்பாவின் சாட்சியம்

முதலில் எதிர்பார்த்த மாதிரிதான் ஆரம்பித்தார். சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து வேர்வையில் ஊறி எழுத்து கலைந்துபோனது, தரங்கம்பாடியிலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மாக்கள் கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும் என்று மற்ற பெட்டிக்காரர்கள் போட்ட சண்டை, கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் பெட்டி முழுக்க ஓடி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு நன்றாக இருந்தது. நான் காலணா கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “அப்படியா, இது எனக்குத் தெரியாதேடா” என்றார். அவ்வளவுதான், கோபம் ஒன்றும் வரவில்லை.

“கடைசியா நீங்க எப்ப பெரியப்பா அதுல போனீங்க?”

யோசித்தார். “எழுபத்தஞ்சு, எழுபத்தாறு இருக்கும். அதுக்கப்புறம் ஏறல.”

“நிறுத்தினதே எண்பத்தாறுலதானே?”

“ஆமா. அதுக்கென்ன? பஸ் வாசல்லயே நிக்கிது, கைய காட்டினா ஏத்திக்கிறான். இதுக்கு ஸ்டேஷன் வரைக்கும் நடக்கணும். சாயங்காலம் மெட்ராஸ் வண்டி லேட்டுன்னா அதுல வர்ற ஆளுங்களுக்காக இவனும் மாயவரத்துல நிப்பான். வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஆயிடும். யாருடா காத்துக்கிட்டு இருப்பா?” அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, “நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப நாங்க எல்லாரும் வருத்தப்பட்டோம். பஸ்ஸுல நின்னுக்கிட்டேதான் வருத்தப்பட்டோம்” என்றார்.

எனக்கு வாயடைத்துப்போனது. ரயிலை தில்லி நிறுத்தியது என்று நான் கட்டிவைத்திருந்த வழக்கில் முதல் சாட்சியே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். சோழன் போக்குவரத்துக் கழகம் 1972இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மாயவரத்துத் தனியார் பஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. ரோடும் ரயிலும் ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போனவை. ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் வரும் வண்டி, நிமிஷக் கணக்கில் வரும் வண்டியோடு எப்படிப் போட்டி போடும்? நஷ்டம் என்பது பொய் இல்லை. எங்கள் வீட்டு ஆட்களே அந்த நஷ்டத்துக்குப் பங்களித்திருக்கிறார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் டீக்கடைக் கட்சியில் சேர்ந்திருப்பேன். ஆனால் எழுந்து வரும்போது பெரியம்மா உள்ளேயிருந்து ஒரு வார்த்தை சொன்னார். “இவரு ஏறலன்னா? நாங்க ஏறினோமே. பெரியவளுக்கு மெட்ராஸ்ல வளைகாப்புன்னு பாத்திரம், பட்சணம், பாய் சுருட்டு எல்லாம் இங்க ஏத்தினதுதான். பஸ்ஸுல ஏத்துவானா?” பெரியப்பா உடனே, “அது தினம் போறதா? வருஷத்துக்கு ரெண்டு தடவ” என்றார். பெரியம்மா விடவில்லை. “ஊர்ல எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவ போனா?”

அந்தக் கேள்வியில்தான் நஷ்டக் கணக்கின் ஓட்டை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியம்மா திருக்கடையூரில் எழும்பூருக்கு டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து எழும்பூர் மெயின் லைனில் சுமார் 280 கிலோமீட்டர். கிளைப்பாதையில் அவர் போவது இருபது சொச்சம். தூரத்தை வைத்துப் பிரித்தால் அந்த டிக்கெட் காசில் பெரும்பகுதி மெயின் லைன் பேரில் ஏறும், கிளைக்குக் கிடைப்பது சில்லறை. ஆனால் கிளையின் செலவு, கேட் கீப்பர் சம்பளத்திலிருந்து நிலக்கரி வரைக்கும், முழுசாகக் கிளையின் தலையிலேயே விழும். கிளையை மூடியதும் பெரியம்மா என்ன செய்தார்? மாயவரம் வரைக்கும் பஸ்ஸில் மூட்டையோடு போய் ரயில் ஏறவில்லை, வேன் பிடித்து நேராகச் சென்னைக்கே போனார். அந்த 280 கிலோமீட்டர் வருமானமும் போயிற்று. அது எந்த நஷ்டக் கணக்கில் வரும்?

ஜில்லா போர்டுக்காரர்களின் கணக்கு வேறு மாதிரி. அவர்களுக்கு வண்டி ஜில்லாவின் நெல்லையும் ஆளையும் நகர்த்துகிறதா என்பது கேள்வி. அதற்காகத்தான் ரயிலில் ஏறாதவனிடமும் காலணா வாங்கினார்கள். ரோட்டை நாம் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறோம். மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரோடு இந்த வருஷம் லாபமா நஷ்டமா என்று எந்தக் கலெக்டரும் கேட்டதில்லை. குண்டும் குழியுமானால் மறுபடி தார் போடுகிறார்கள். ரயில் பாதைக்கு மட்டும் ஏன் கல்லாப்பெட்டிக் கணக்கு?

வந்தவையும் வராததும்

இதில் என்னை இன்னும் உறுத்துவது மற்ற கிளைகளின் கதை. மன்னார்குடிக்கு 2011இல் ரயில் திரும்பியது. திருவாரூர் - காரைக்குடி 2019இல் அகலப்பாதையானது. வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளிக்கு 2023இல் வண்டி வந்தது. எங்களுக்கு அடுத்து 1987இல் மூடிய பேரளம் - காரைக்கால் பாதையைக்கூடத் திரும்பப் போட்டுவிட்டார்கள். காரைக்காலில் துறைமுகம் இருக்கிறது, நிலக்கரி இறங்குகிறது. மன்னார்குடி பெரிய ஊர். காலணா வரியில் போட்ட பாதைகளில் பெரும்பாலானவை இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டன. தரங்கம்பாடி மட்டும் கிடக்கிறது.

இதற்கு ஒரு காரணம் எனக்குப் படுவது: காரைக்குடிப் பாதையும் அகஸ்தியம்பள்ளிப் பாதையும் மீட்டர் கேஜ் காலம் முடியும்வரை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் ‘அகலப்பாதை மாற்றம்’ என்ற தலைப்பில் அவற்றுக்குப் பணம் கேட்க முடிந்தது. எங்களுடையது அதற்கு முன்பே செத்துவிட்டது. செத்ததை மாற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். புதிய பாதை என்று வந்தால் மறுபடி முதல் கேள்வி, லாபம் வருமா?

தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் இதைக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. கூட்டத்தில் பேசுகிறவர்கள் டேனிஷ் கோட்டை, திருக்கடையூர் அபிராமி, தில்லையாடி மணிமண்டபம் என்று சுற்றுலாவை அடுக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோட்டை பார்க்க வருகிறவன் காரில் வந்து, ஒரு மணி நேரம் நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு காரைக்காலுக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்விடுவான். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வெளியூர், வெளிநாட்டுச் சொந்தத்தோடு வேன் வேனாக வருகிறார்கள். இவர்களை நம்பிப் பாதை போட்டால் மறுபடி ஒரு 1986 வரும். என் கணக்கில் முதல் காரணம் மன்னம்பந்தல். 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, கலெக்டர் ஆபீஸை மன்னம்பந்தலில் கட்டிவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பெரியப்பா படித்த கல்லூரி. பொறையாரில் ஒரு கல்லூரி. தினம் காலையில் இந்த ரோட்டில் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களை எண்ணினாலே போதும். அடுத்தது, பாதை தரங்கம்பாடியில் முட்டிக்கொண்டு நிற்காமல் காரைக்கால் வரைக்கும் போக வேண்டும். முட்டுச்சந்தில் முடிகிற ரயிலுக்கு ஒரு பக்கத்துக் கூட்டம்தான், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் நாகூர், வேளாங்கண்ணிக் கூட்டமும் இந்தப் பக்கம் திரும்பும்.

நிலம் ஒன்றுதான் பயம். பழைய பாதையில் பல இடத்தில் வயல் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டைத் தின்றுவிட்டது, சில இடத்தில் வீடே இருக்கிறது. ரயில்வே எல்லைக்கல் ஒன்றில் மாடு கட்டியிருந்ததைப் பார்த்தேன். மாட்டுக்காரரிடம் கேட்டால், “ரயில் வந்தா அவுத்துட்டுப் போறேன், வரட்டும்” என்றார்.

இதையெல்லாம் என் அத்தை மகனிடம் ஒரு நாள் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் திருக்கடையூரில் கல்யாண கோஷ்டிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். ரயில் வந்தால் தன் பிழைப்பு என்னாகும் என்று கவலைப்படுவான் என்று நினைத்தேன். “வரட்டும் மச்சான், ஸ்டேஷன்லேர்ந்து கோயிலுக்கு ஷட்டில் அடிப்பேன்” என்றான். அப்புறம் கேட்டான்: “வந்தா நீ அதுல போவியா?” முதல் நாளே சீசன் டிக்கெட் எடுத்துவிடுவேன் என்றேன். வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ தாம்பரத்துல இருக்க, மச்சான். சீசன் டிக்கெட்ட வச்சு என்ன பண்ணுவ?”